பட்டப்பகலில் தாழ்ப்பாள்

— அவசரம்ங்கிற வார்த்தையையே பஸ் ஸ்டாண்டுல விட்டுட்டு வந்துடணும், மேடம். முதல் நாள் வெறும் படி மட்டும்தான். நானூத்திப் பன்னெண்டு படி. ஏறுங்க, உட்காருங்க, மூச்சு வாங்குங்க, மறுபடி ஏறுங்க. அன்னைக்கு வேலை அவ்வளவுதான்.

— நானூத்திப் பன்னெண்டு. எழுதிக்கறேன். எனக்கு முழங்கால் கொஞ்சம் மக்கர் பண்ணும் தம்பி, இப்பவே சொல்லிடறேன்.

— அதுக்குத்தானே ஒன்பது நாள் திட்டம்! மத்த டிராவல்ஸ்காரனெல்லாம் காலையில ஏத்தி சாயங்காலம் இறக்கிடுவான். எழுநூறு வருஷமா ஜனங்க குடியிருக்கிற ஊரு மேடம், அது மியூசியம் இல்ல. நிதானமாப் பார்க்கணும். நிதானம்தான் நம்ம கம்பெனிக்கே மூலதனம்.

— எனக்கு அந்த ஊரு ஒருவகையில பழக்கம்தான். தபாலாபீஸ்ல முப்பத்திநாலு வருஷம் கடுதாசி பிரிச்சவ நான். அந்த ஊர்க் கடுதாசியில மட்டும் தெருப் பேரு இருக்காது, கதவு நம்பரும் இருக்காது. எத்தனாவது படியோ அதுதான் விலாசம். 'எழுபத்தி ரெண்டாம் படி', 'இருநூத்தி ஆறாம் படி'ன்னு எழுதியிருக்கும். அப்பவே நெனச்சுக்குவேன், ரிட்டயர் ஆனதும் ஒருநாள் இந்தப் படியில ஏறிப் பார்த்துடணும்னு.

— பாருங்க, உங்களை மாதிரி ஆளுங்களுக்காகத்தான் இந்தப் புத்தகமே. முதல் பதிப்பு வித்துத் தீர்ந்துடுச்சு. மறுபதிப்பு மத்தியானம் அச்சுக்குப் போகுது, அதை நீங்கதான் முதல்ல பார்க்கறீங்க. ஏழாம் பக்கம் எடுங்க. ரெண்டு பதிப்புக்கும் அதுதான் உயிர்நாடி. நீங்களே படிங்க.

— இருங்க, கண்ணாடியைப் போட்டுக்கறேன். 'இவ்வூரில் பகலில் எந்தக் கதவும் தாழிடப்படுவதில்லை. கதவை ஒருமுறை தட்டிவிட்டு உள்ளே செல்லுங்கள். அவர்கள் சமைப்பதை, துவைப்பதை, வாழ்வதை அருகிலிருந்து பாருங்கள். நூற்றுப் பதினான்காம் படி வீட்டின் முன்னறையில் ஊரிலேயே மூத்த பெரியவர் படுத்திருப்பார். அவர் பக்கத்தில் சற்று நேரம் அமருங்கள். அவசரப்படாதீர்கள்.' அட! நிஜமாவே உள்ள விடுவாங்களா?

— நான் அந்த ஊர்ல பொறந்தவன் மேடம். நான் சொல்றேன், தாராளமாப் போங்க.

— போங்க, நல்லாப் போங்க! அவருக்கு மூத்திரத் துணி மாத்துற நேரமாப் பார்த்துப் போங்க. அப்போதான் போட்டோ நல்லா விழுதாம்!

— அக்கா? நீ எப்போ வந்த? ஆஸ்பத்திரியில மாமாகிட்ட யாரு இருக்கா?

— என் மக இருக்கா. பரவாயில்லையே ராசா, என்னைப் பார்த்ததும் மாமா ஞாபகம் வருதே உனக்கு.

— நேத்துக்கூட வந்து பார்த்துட்டுத்தானே போனேன்.

— ஆமாமா, ஆப்பிளோட வந்த. ஆறு நிமிஷம் நின்ன, அதுல நாலு நிமிஷம் போன்ல பேசின. ஊருக்கெல்லாம் நிதானம் விக்கிறவன் அக்கா புருஷனுக்கு ஆறு நிமிஷம்.

— மேடம் இருக்காங்க அக்கா. வா, உள்ரூம்ல போய்ப் பேசுவோம்.

— உனக்கு உள்ரூம் இருக்கு, போற. எனக்கு இருந்த ஒரே ஒரு முன்ரூமை நீ ஊர் உலகத்துக்கெல்லாம் திறந்து விட்டுட்டியே, நான் எங்க போறது? இங்கயேதான் பேசுவேன். இந்த அம்மாவும் கேட்கட்டும்.

— நான் வேணா அப்புறமா வரட்டுமா தம்பி?

— நீங்க உட்காருங்கம்மா. உங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. இப்போ படிச்சீங்களே, முன்ரூம்ல படுத்திருக்கிற பெரியவர்னு, அவரு எங்கப்பா. இவனுக்கும் அப்பாதான். அதை மட்டும் எழுத மறந்துட்டான்.

— உங்கப்பாவா தம்பி?

— மேடம், அது வந்து... அப்பாவுக்கு மனுஷங்கன்னா பிடிக்கும். நாலு பேரு வந்து பக்கத்துல உட்கார்ந்தா அவருக்கும் ஒரு ஆறுதல். வர்றவங்களுக்கும் அது ஒரு அனுபவம்.

— ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்! பக்கவாதத்துல வலதுபக்கம் விழுந்து பேச்சும் போய் ரெண்டு வருஷம் ஆகுது அந்த மனுஷனுக்கு. போன மாசம் ஒருத்தி வந்து கட்டில் ஓரத்துல உட்கார்ந்துக்கிட்டு, 'உங்க வாழ்க்கையிலேயே சந்தோஷமான நாள் எது'ன்னு காதுல கேக்குறா. அவரு என்ன சொல்லுவாரு? கண்ணுல தண்ணி ஊத்துது. 'ஐயோ, உணர்ச்சிவசப்பட்டுட்டார்'னு அவளும் அழறா. ஈரத்துணியோட படுத்திருக்கார்டா! அதான் அழுதார்! அவ எழுந்து போனாத்தானே நான் துணி மாத்த முடியும்?

— அந்த ஒருத்தி அப்படின்னா...

— ஒருத்தியா? மாத்திக்கிட்டு இருக்கும்போதே தட்டிட்டு உள்ள வந்தான் இன்னொருத்தன். 'சங்கடப்படாதீங்க, நீங்க உங்க வேலையைப் பாருங்க'ன்னு எனக்கே தைரியம் சொல்லிட்டு, கேமராவை எடுக்குறான். நான் துணியைப் பிடிக்கவா, அவன் சட்டையைப் பிடிக்கவா?

— இதையெல்லாம் நீ எங்கிட்ட சொன்னியா?

— மூணு தடவை சொன்னேன். மூணு தடவையும் 'சீசன் முடியட்டும் பார்ப்போம்'னு சொன்ன. முழுப் பூசணிக்காயை சோத்துல மறைக்காத ராசா.

— சரி, அப்பா விஷயத்தை வேணா எடுத்துடறேன். ரெண்டு வரிதான், போகட்டும்.

— ரெண்டு வரி இல்ல, அந்தப் பக்கம் முழுசும் போகணும். கதவைத் தட்டு, உள்ள போன்னு எழுதியிருக்கிறது ஒரு எழுத்துகூட இருக்கக் கூடாது. அதை வெட்டுறவரைக்கும் நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன்.

— ஏழாம் பக்கத்தையா? அதை எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கு? கல்லும் படியும்தானே! கல்லைப் பார்க்கவா ஒன்பது நாள் தங்குவாங்க? பாரு அக்கா, கூலி வேலைக்கும் வழியில்லாம ஊரே காலியாகிட்டு இருந்துச்சு. நான் கொண்டுவந்த கூட்டத்தாலதான் மேல மூணு கடை நடக்குது. அந்த நன்றி ஒருத்தருக்கும் கிடையாது.

— ஏம்மா, தப்பா நெனைக்காதீங்க. வெளியாளுக நாங்க கொஞ்சம் முன்னப்பின்ன நடந்துக்கறவங்கதான். அதுக்காக ஊரோட பழக்கத்தையே மாத்திக்கணுமா? கதவு திறந்து வெச்சிருக்கிறது எவ்வளவு பெரிய மனசு! இந்தக் காலத்துல யாரு செய்யறா?

— பெரிய மனசா? இவன் அப்படியா எழுதியிருக்கான்?

— 'விருந்தோம்பல்'னு போட்டிருக்கு. பெரிய எழுத்துல.

— மண்ணாங்கட்டி! டேய், நீயும் அந்தப் படியில சுமை தூக்கினவன்தானே? கதவுக்குத் தாழ் ஏன் போடறதில்லைன்னு உனக்குத் தெரியாது?

— தெரியும். ஆனா அதை எழுதினா நல்லாவா இருக்கும்?

— எனக்குச் சொல்லுங்கம்மா. எழுதிக்கறேன்.

— எழுதிக்கோங்க. படி ஒரு ஆள் அகலம். ஒரு பக்கம் சுவரு, ஒரு பக்கம் கதவுங்க. லாரி வராது, மாடு ஏறாது. அரிசி மூட்டையில இருந்து பொணம் வரைக்கும் மனுஷன் தோள்லதான் போகணும், வரணும். எதிர்ல சுமை வந்தா, வெறுங்கையா வர்றவன் பக்கத்து வீட்டுக்குள்ள ஏறி நின்னு வழி விடணும். வழி விட ஆள் இல்லைன்னா சுமைக்காரனே முதுகால கதவைத் தள்ளிக்கிட்டு உள்ள போயிடுவான். அதுக்காகத்தான் எல்லாக் கதவும் உள்பக்கமாத் திறக்கும். அதுக்காகத்தான் பகல்ல தாழ் கிடையாது. விருந்தும் இல்ல, மருந்தும் இல்ல. வழிவிடற இடம் அது.

— அடேயப்பா. அப்போ தட்டிட்டு உள்ள போறது?

— எங்க ஊர்ல யாரும் எவர் வீட்டுக் கதவையும் தட்டினதே கிடையாதும்மா. ரெண்டு கையும் சுமையைப் பிடிச்சிருக்கு, தட்ட ஏது கை? சின்னப் பிள்ளைங்களுக்குக்கூடத் தெரியும், கதவைத் தட்டினா வெளியாள்னு.

— சரி அக்கா, பழங்கதை எல்லாம் போதும். இப்போ மாமா படுத்துக் கிடக்கற கோவத்துல வந்திருக்க. எனக்குப் புரியுது. டாக்டர் இன்னைக்கு என்ன சொன்னார்?

— இடுப்பெலும்பு சேராதாம். சேர்ந்தாலும் படி ஏற முடியாதாம். 'சமதரையில ஒரு வீடு பார்த்துக்கோங்கம்மா'ங்கிறார். நானூத்திப் பன்னெண்டு படி ஊர்ல சமதரை எங்க இருக்கு? இருபது வருஷமா ஊருக்கே சுமந்த மனுஷன், இனி அவரு வீட்டுக்கே வர முடியாது. கீழ குடிவந்தா அப்பாவை எப்படி இறக்குறது? மேல இருந்தா அவரை எப்படி ஏத்துறது? சொல்லு, உன் ஒன்பது நாள் திட்டத்துல இதுக்கு எந்தப் பக்கம்?

— அக்கா... எனக்கு நிஜமாவே இது தெரியாது.

— உனக்கு எதுதான் தெரிஞ்சுது? உன் விருந்தாளிங்க சாஞ்சு படுக்க முந்நூறாம் படி ரூமுக்கு இரும்புக் கட்டில் கேட்ட. 'மாமா, நீங்கதான் பத்திரமாக் கொண்டு போவீங்க'ன்னு ஐஸ் வெச்ச. அவரும் தலையில தூக்கி வெச்சுக்கிட்டு ஏறினார். மேல இருந்து உன் கூட்டம் இறங்குது, பதினோரு பேரு. போனைப் பார்த்துக்கிட்டே. ஒருத்தனுக்காவது ஒதுங்கணும்னு தெரியுமா? உன் புத்தகத்துல 'ஒதுங்கு'ன்னு ஒரு வார்த்தை இருக்கா?

— மாமாவே சொன்னாரே, மழை ஈரத்துல கால் வழுக்கிடுச்சுன்னு! நான் அவர்கிட்டயே கேட்டேன். டாக்டர்கிட்டயும் அதைத்தான் சொல்லியிருக்கார்.

— அவர் அப்படித்தான் சொல்லுவார்.

— அப்போ அவர் பொய் சொல்றாரா?

— இருபது வருஷமா மழையில ஏறின கால் அது. என்னைக்காவது வழுக்கியிருக்கா? நாலு படி உருண்டார்டா. நூத்திப் பத்தாம் படியில கட்டிலுக்கு அடியில இருந்து இழுத்து எடுத்தாங்க. உன் ஆளுங்கள்ல ஒருத்தன் அதையும் வீடியோ எடுத்துக்கிட்டு இருந்தான்.

— ஐயையோ. நூத்திப் பத்தாம் படி. மனசு கேக்கலம்மா எனக்கு.

— இரு அக்கா, இரு. கூட்டம் வந்துச்சு, சரி. ஒதுங்கலை, சரி. மாமாவுக்குத் தெரியாதா? பக்கத்துக் கதவை முதுகால தள்ளி உள்ள போயிருக்கலாமே. நான் பத்து வயசுல விறகு தூக்கினவன். எத்தனை வீட்டுக்குள்ள அப்படிப் போய் நின்னிருக்கேன்!

— கதவு திறக்கலை.

— என்னது?

— தாழ்ப்பாள் போட்டிருந்துச்சு. உள்பக்கம்.

— பகல்லயா? நம்ம ஊர்லயா?

— ஒரு மாசமா அப்படித்தான். ஒரு வீடு ஆரம்பிச்சுது, அதைப் பார்த்து அடுத்த வீடு. இப்போ பன்னெண்டு வீடு பட்டப்பகல்ல தாழ் போட்டுக்கிட்டு இருட்டுக்குள்ள உட்கார்ந்திருக்கு. எல்லாம் உன் ஏழாம் பக்கத்தோட புண்ணியம். அதனாலதான் வெட்டுன்னு சொல்றேன். அதை வெட்டினா கதவு திறக்கும். கதவு திறந்தா இன்னொருத்தன் விழமாட்டான். இதுக்கு மேல எப்படிச் சொல்றது உனக்கு?

— எந்த வீடு?

— எந்த வீடா இருந்தா என்ன?

— எந்த வீடுன்னு கேக்கறேன்! அப்போ மாமாவைத் தள்ளினது என் புத்தகமா, இல்ல அந்தக் கதவா? விருந்தாளிக்கு வழக்கம் தெரியாது, விடு. தாழ் போட்டவளுக்குத் தெரியுமா, தெரியாதா? அவளும் அந்தப் படியில பொறந்தவதானே?

— தெரியும்.

— தெரிஞ்சுதானே போட்டிருக்கா! பகல்ல தாழ் போட்டா சுமைக்காரன் செத்தான்னு நமக்கு நடக்கப் பழகும்போதே சொல்லிக் குடுக்கலையா? மழைநாள்ல அம்மா எத்தனை தடவை எழுந்து போய்க் கதவு சும்மா சாத்தியிருக்கான்னு பார்ப்பா! பாலைக் கொதிக்கவிட்டுட்டு ஓடுவா! அந்த ஊர்ல பொறந்துட்டு இதைச் செஞ்சவளை நான் சும்மா விடமாட்டேன்.

— உன் வேலை புத்தகத்தைத் திருத்துறது. அதைச் செய்.

— திருத்தமாட்டேன். எதுக்குத் திருத்தணும்? எவளோ செஞ்ச பாவத்துக்கு நான் ஏன் என் பொழப்பை வெட்டிக்கணும்? நீ என்னடான்னா எய்தவளை விட்டுட்டு அம்பை நோகுற! அவ பேரைச் சொல்லு. மாமாவுக்காகக் கேக்கறேன். அவளைத் தரதரன்னு இழுத்துக்கிட்டு வந்து அவர் கட்டில் முன்னாடி நிறுத்தறேன்.

— அவ நின்னுக்கிட்டுத்தான் இருக்கா.

— வந்து பார்த்தாளா? அவளுக்கு என்ன தைரியம்! நீயும் 'வா, உட்காரு'ன்னு உபசாரம் பண்ணியிருப்ப. உனக்கு ரோஷமே கிடையாதா அக்கா? நானா இருந்தா மூஞ்சியில காறித் துப்பியிருப்பேன்.

— துப்புடா.

— என்ன?

— ஒண்ணுமில்ல. பன்னெண்டு மணிக்குத்தானே அச்சுக்காரன் வர்றான்? பேச்சை வளர்க்காத. பக்கத்தை எடு.

— பேரைச் சொல்லு, எடுக்கறேன். இப்பவே, உன் கண் எதிர்லயே கிழிக்கறேன். இந்த மேடம் சாட்சி. எந்தப் படியில இருக்கா அவ?

— தம்பி, கொஞ்சம் குரலைத் தாழ்த்துங்க. அம்மா, நீங்க தண்ணி குடிங்க முதல்ல.

— எனக்குத் தண்ணி வேண்டாம்மா.

— நான் ஒண்ணு கேக்கலாமா? நீங்க சொல்லச் சொல்ல எல்லாத்தையும் எழுதிக்கிட்டே வந்தேன். பழக்கதோஷம். நூத்திப் பத்தாம் படியில எடுத்தாங்கன்னு சொன்னீங்க.

— ஆமா.

— நாலு படி உருண்டார்னும் சொன்னீங்க.

— மேடம், குறுக்க பேசாதீங்க, ப்ளீஸ். இப்போ எதுக்கு இந்தக் கணக்கு?

— இது கணக்கு இல்ல தம்பி, விலாசம். முப்பத்திநாலு வருஷம் நான் பார்த்த வேலை. அப்போ அவரு நின்னு முதுகால தள்ளின கதவு நூத்திப் பதினாலாம் படி. உங்க ஏழாம் பக்கத்துலயே இருக்கு. உங்கப்பா படுத்திருக்கிற வீடு.

— என்ன உளர்றீங்க? அது எங்க வீடு. எங்க வீட்டுக் கதவை எங்கம்மா காலத்துல இருந்து... அக்கா? அந்தம்மா என்னவோ சொல்றாங்க, நீ இல்லைன்னு சொல்லேன்.

— என்ன சொல்லச் சொல்ற?

— அக்கா, என்னைப் பாரு. தரையைப் பார்க்காத. மாமா வழுக்கிடுச்சுன்னுதானே சொன்னார்?

— டாக்டர்கிட்ட சொன்னார். உங்கிட்ட சொன்னார். என் முகத்தைப் பார்த்து எங்கிட்டயும் அதையேதான் சொல்றார், ஆறு நாளா. முதுகால தள்ளியிருக்கார்டா, திறக்கலை. வாழ்க்கையில ஒரு நாளும் தட்டாத கதவை, கட்டிலைப் பிடிச்சிருந்த கையில ஒண்ணை எடுத்துத் தட்டியிருக்கார். நான் அப்பாவுக்குத் துணி மாத்திக்கிட்டு இருந்தேன். தட்டினா வெளியாள்தானே? 'இங்க பார்க்க ஒண்ணுமில்ல, கீழ போய்த் தொலை'ன்னு உள்ள இருந்தே கத்தினேன்.